படிக்கிற இரண்டு வருஷம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? சான் அன்டோனியோவின் 'பிராஜெக்ட் குவெஸ்ட்': ஒரு நிகழ்வு ஆய்வு

1990 ஜனவரி 16. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரின் தெற்குப் பகுதி, சார்சமோரா தெரு. அங்கிருந்த லீவை ஸ்ட்ராஸ் தையல் ஆலையில் டாக்கர்ஸ் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, ஆலையை மூடப்போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது. சுமார் 1,150 பேருக்கு வேலை போனது. பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளிப் பெண்கள். நிறுவனம் நட்டத்தில் ஓடவில்லை. கோஸ்டா ரிக்காவில் கூலி குறைவு என்பதால் வேலை அங்கே போனது.

அந்தப் பெண்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். வீட்டில் ஸ்பானிஷ். ஆங்கிலம் காதில் விழுந்தால் புரியும், எழுதச் சொன்னால் கை நிற்கும். வருஷக்கணக்கில் ஒரே தையலைத் தைத்துத் தைத்து மணிக்கட்டும் தோளும் கெட்டுப்போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் ஃபுவேர்சா யுனிடா என்ற அமைப்பைத் தொடங்கி, நிறுவனத்துக்கு எதிராக வருஷக்கணக்கில் போராடினார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்த மூடலுக்குப் பிறகு ஊரில் எழுந்த ஒரு கேள்வியை. அரசுப் பணத்தில் தொழிற்பயிற்சி ஏற்கெனவே இருந்தது. ஏழைகளுக்கென்றே சட்டம் இருந்தது, அலுவலகம் இருந்தது. இருந்தும் அது ஏன் யாரையும் கரை சேர்க்கவில்லை? அந்தக் கேள்விக்கு ஊர் கண்ட பதில்தான் பிராஜெக்ட் குவெஸ்ட் என்ற பயிற்சித் திட்டம்.

சான்றிதழ் இருந்தது, வேலை இல்லை

அப்போது நடைமுறையில் இருந்தது 1982ஆம் ஆண்டின் 'ஜாப் டிரெய்னிங் பார்ட்னர்ஷிப்' சட்டம். மத்திய அரசின் பணம் ஒவ்வொரு ஊரிலும் தொழிலதிபர்கள் அதிகம் இடம்பெற்ற ஒரு மன்றத்துக்கு வரும். அது பயிற்சி நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, தலைக்கு எவ்வளவு செலவு என்பதை வைத்துத்தான் நிலையத்துக்கு மதிப்பெண். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டாமா?

ஆனால் அந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் நிலையத்தின் இடத்தில் நின்று பாருங்கள். வாசலில் இரண்டு பேர். ஒருவர் பள்ளி முடித்தவர், சொந்தக் கார் வைத்திருப்பவர், பிள்ளைகள் இல்லாதவர். இன்னொருவர் சார்சமோரா ஆலையில் இருந்து வந்த 40 வயது அம்மா. யாரைச் சேர்த்தால் மூன்று மாதத்தில் கணக்குக் காட்டலாம்? சொல்லவே வேண்டியதில்லை. வசதியானவரை வடிகட்டி எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு அங்கே 'பாலாடை எடுப்பது' என்றே பெயர். அதோடு, படிப்பு நீண்டால் செலவு ஏறும், மதிப்பெண் இறங்கும். அதனால் பயிற்சிகள் சில வாரம், சில மாதம் என்று குறுகிப்போயின.

இன்னொன்றும் நடந்தது. அதற்கு முந்திய 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் பயிற்சிக் காலத்துக்குப் படி கொடுக்க வழி இருந்தது. 1982 சட்டம் அந்தப் படியைப் பெரும்பாலும் வெட்டிவிட்டது. பயிற்சி இலவசம்தான், ஆனால் பயிற்சிக்கு வரும் நாள்களில் அடுப்பு எரிய வேண்டுமே, அது உங்கள் பாடு என்று ஆனது.

ஆலை மூடிய பிறகு தெற்கிலும் மேற்கிலும் வீட்டுக்கு வீடு கூட்டங்கள் நடந்தன. சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் சின்னக் கூட்டங்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்தது ஒரே விஷயம். பயிற்சிக்குப் போனேன், சான்றிதழ் கொடுத்தார்கள், அந்த வேலை ஊரில் இல்லை. சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட பயிற்சியை முடித்திருந்தார்கள். வீட்டில் சான்றிதழ் சேர்ந்தது, சம்பளம் சேரவில்லை. இதே ஊரில் மருத்துவமனைகள் செவிலியர் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தன.

சில்லறைக் காசும் ஒரு வங்கித் தலைவரும்

கூட்டங்களை நடத்தியவை ஊர் மக்களைத் திரட்டும் இரண்டு அமைப்புகள்: காப்ஸ், மெட்ரோ அலையன்ஸ். காப்ஸ் 1974இல் எர்னஸ்டோ கோர்ட்டெஸ் என்ற அமைப்பாளரின் முயற்சியில், கத்தோலிக்க மாதாகோயில்களின் வட்டாரச் சபைகளை அடித்தளமாக வைத்து உருவானது. மழை பெய்தால் மேற்குப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் வரும். 1945லேயே திட்டம் போட்ட வடிகாலை நகராட்சி கட்டாமலே விட்டிருந்தது. அந்தக் கணக்கைத் தோண்டி எடுத்து நகர மன்றத்தில் வைத்ததுதான் அவர்களின் முதல் வெற்றி.

இந்த அமைப்பின் குணத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். 1975இல் ஊரின் பெரிய முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கே வர மறுத்தார்கள். காப்ஸ் ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஃபிராஸ்ட் வங்கிக்குள் போய் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் டாலர் நோட்டைக் கொடுத்துச் சில்லறை கேட்டார்கள். வாங்கிய சில்லறையை அடுத்த வரிசையில் கொடுத்து நோட்டாக மாற்றினார்கள். மறுபடியும் சில்லறை. ஒரு சட்டமும் மீறப்படவில்லை, ஆனால் வங்கி அன்று வேறு வேலை பார்க்க முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே வங்கியின் தலைவர் டாம் ஃபிராஸ்ட் பதினைந்து வருஷம் கழித்து இந்தப் பயிற்சித் திட்டத்துக்கு மற்ற முதலாளிகளைப் பேசி அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர். சண்டை போட்டுத்தான் அந்த மரியாதை வந்தது. பயிற்சித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளில் பாடத்திட்டம் இருக்கும், செலவு இருக்கும். இந்தப் பகுதி அடிக்குறிப்பாகப் போய்விடும். எனக்கு இதுதான் அடிப்படை என்று படுகிறது. ஏழை மக்களிடம் அமைப்பு இல்லாத ஊரில் இதே திட்டத்தைக் காகிதத்தில் நகலெடுத்து வைத்தால் முதல் பட்ஜெட் வெட்டிலேயே போயிருக்கும்.

காப்ஸ் முதலாளிகளிடம் நன்கொடை கேட்கவில்லை. எத்தனை வேலை தருவீர்கள், என்ன சம்பளம், சொல்லுங்கள் என்றது. அன்றைக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலர். அதைவிடக் கணிசமாக அதிகம் கொடுக்கும், காப்பீடு உள்ள, மேலே போக வழியுள்ள வேலைகளுக்கு மட்டுமே ஆளைப் பயிற்றுவிப்போம் என்றார்கள். வேலை வாக்குறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு மாநில ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடம் போனார்கள், பணம் கிடைத்தது. நகராட்சியும் பணம் போட்டது. 1993 ஜனவரியில் பிராஜெக்ட் குவெஸ்ட் தொடங்கியது.

பேட்டரி செத்த கார், பூட்டிய குழந்தைக் காப்பகம்

குவெஸ்ட் சொந்தமாக வகுப்பறை கட்டவில்லை. ஊரில் இருந்த அரசுச் சமுதாயக் கல்லூரிகளுக்கே, முக்கியமாக சான் அன்டோனியோ கல்லூரிக்கும் செயின்ட் ஃபிலிப்ஸ் கல்லூரிக்கும், ஆட்களை அனுப்பியது. பதிவுபெற்ற செவிலியர், உரிமம் பெற்ற தொழிற்கல்விச் செவிலியர், எக்ஸ்ரே தொழில்நுட்பர், அறுவை அரங்கு உதவியாளர், மருத்துவப் பதிவுக் குறியீட்டாளர் என்று போகப் போகச் சுகாதாரத் துறையிலேயே கவனம் குவிந்தது. கல்லூரி எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. மத்திய அரசின் பெல் உதவித்தொகையும் இருந்தது. குவெஸ்ட் செய்தது என்னவென்றால், திறந்திருந்த கதவுக்கும் ஆளுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தது.

ஒரு மாணவியின் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒருவரின் கதை இல்லை. இந்தத் திட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோரின் நிலைமை இப்படித்தான் என்பதால் எழுதுகிறேன். வயது 30, இரண்டு பிள்ளைகள், கணவர் உடன் இல்லை. செவிலியர் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சி ஏழு மணிக்கு முன்பே தொடங்கும். குழந்தைக் காப்பகம் அந்த நேரத்தில்தான் கதவையே திறக்கும். பேருந்தில் போனால் இரண்டு வண்டி மாற வேண்டும். பழைய கார் ஒன்று இருக்கிறது, பேட்டரி நேற்றுச் செத்துவிட்டது. ஒரு நாள் வராவிட்டால் பரவாயில்லை. மூன்று நாள் வராவிட்டால் அந்தப் பருவமே போச்சு. அந்தப் பாடம் அடுத்த வருஷம்தான் மறுபடி வரும். பேட்டரி விலைக்கு ஒரு வருஷம் போகிறது. இப்படித்தான் ஏழைகள் படிப்பை விடுகிறார்கள். மூளை இல்லாமல் இல்லை, ஆர்வம் இல்லாமல் இல்லை.

அந்த இடத்தில் குவெஸ்ட் ஆலோசகர் இருந்தார். கட்டணம், புத்தகம், சீருடை, தடுப்பூசி, போக்குவரத்து, குழந்தைக் காப்பகச் செலவில் ஒரு பங்கு, சில சமயம் நின்றுபோகவிருந்த மின்சாரத்துக்கான பில். கடைசியில் உரிமத் தேர்வுக்கான கட்டணமும். செவிலியர் உரிமத் தேர்வுக்குப் பதிவு செய்ய மட்டும் 200 டாலர். இரண்டு வருஷம் படித்துவிட்டு அந்த 200 டாலர் இல்லாமல் நிற்பவர்களைப் பற்றி எந்தப் புள்ளிவிவரமும் பேசாது, ஆனால் அந்த நிலைமை எவ்வளவு சாதாரணம் என்பது கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

வாரம் ஒரு கூட்டம் கட்டாயம். ஒரே படிப்பில் இருப்பவர்கள் ஆலோசகரோடு உட்காருவார்கள். படிக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது, தேர்வுப் பயத்தை எப்படிச் சமாளிப்பது, வீட்டில் தகராறு என்றால் யாரிடம் போவது என்று பேச்சு போகும். பள்ளியை விட்டுப் பத்து வருஷம் ஆனவருக்குப் பின்னக் கணக்கு மறந்திருக்கும். மருந்தளவு போடுவதற்கு அது இல்லாமல் முடியாது. அதற்குத் தனியாக அடிப்படை வகுப்பு வைத்தார்கள். மருத்துவமனைகள் என்ன எதிர்பார்க்கின்றன என்று கேட்டுக் கல்லூரியிடம் பேசியதும் குவெஸ்ட்தான்.

சேர்க்கை நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். தொடக்க வருஷங்களில் மாதாகோயில் கூடங்களில், பக்கத்துத் தெருக்காரர்களே மேசை போட்டு உட்கார்ந்து முதல் நேர்காணலை நடத்தினார்கள். நலத்துறை அலுவலகத்தில் எண் வாங்கிக்கொண்டு காத்திருப்பதற்கும், தெரிந்த முகத்திடம் போய் உட்காருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அரசுப் பணத்தில் பயிற்சி என்றாலே ஏமாற்று என்று நினைத்திருந்தவர்கள் உள்ளே வந்தது அதனால்தான்.

கணக்குப் பார்த்தால்

1995இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் ஃபோர்டு அறக்கட்டளையும் சேர்ந்து வழங்கும் அரசுப் புதுமை விருது குவெஸ்டுக்குக் கிடைத்தது. எம்.ஐ.டி.யின் பால் ஆஸ்டர்மனும் பிரெண்டா லாட்சும் அதன் முதல் கட்டத்தை ஆய்வு செய்தார்கள். ஆனால் உண்மையான சோதனை பிறகுதான் வந்தது.

2006 முதல் 2008 வரை சுகாதாரத் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பித்த 410 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குவெஸ்ட். மறுபாதி ஊரில் இருக்கும் வேறு எதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எகனாமிக் மொபிலிட்டி கார்ப்பரேஷன் என்ற ஆய்வு நிறுவனம் இவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தது. சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பெண்கள். முக்கால்வாசிப் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். சராசரி வயது 30 வாக்கில். திட்டத்தில் இருந்த காலம் சராசரியாக 22 மாதம். தலைக்குச் செலவு 10,000 டாலருக்குச் சற்று மேல்.

முதல் வருஷ முடிவைப் பார்த்தால் திட்டம் தோல்வி. குவெஸ்டில் இருந்தவர்கள் மற்றவர்களை விடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். படித்துக்கொண்டிருந்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள், வேறு எப்படி இருக்கும்? மூன்றாம் வருஷத்தில் இருந்து கணக்கு மாறியது. ஆறாம் வருஷத்தில் குவெஸ்ட் பக்கம் வருஷத்துக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதல். ஒன்பதாம் வருஷத்திலும் அந்த இடைவெளி மறையவில்லை. அமெரிக்காவில் இப்படிக் குலுக்கல் முறையில் சோதித்த பயிற்சித் திட்டங்களில் இவ்வளவு காலம் நின்ற பலன் அபூர்வம்.

இன்னொரு முடிவும் வந்தது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதிகப் பலன் கிடைத்தது 24 வயதைத் தாண்டியவர்களுக்கு. 35 வயதுக்கு மேல் வந்தவர்களும் நன்றாகவே மேலே போனார்கள். இளைஞர்களுக்குத்தான் பயிற்சி, நாற்பதை நெருங்கியவருக்கு எதற்குச் செலவு என்று நினைக்கும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் மேசையில் இந்த ஒரு பக்கத்தை வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

விதியே கதவை அடைத்தபோது

இவ்வளவு பலன் தந்த திட்டத்துக்குக் கூட்டாட்சிப் பயிற்சிப் பணம் கொட்டியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1995இல் டெக்சஸ் தன் வேலைவாய்ப்புத் துறைகளை ஒன்றாக்கி, முதலில் ஏதாவது ஒரு வேலை, அப்புறம் மற்றது என்ற கொள்கைக்குப் போனது. 1996 நலத்திட்டச் சீர்திருத்தம், உதவித்தொகை வாங்கும் தாய் தொழிற்கல்வி படிப்பதை வேலைக்குச் சமமாக 12 மாதம் வரைக்கும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. செவிலியர் படிப்பு அதற்குள் முடியுமா?

1998இல் வந்த புதிய பயிற்சிச் சட்டம் மூன்று படிகளை வைத்தது. முதலில் வேலை தேடும் பொது உதவி. அதில் வேலை கிடைக்காவிட்டால் ஆலோசனை. அதிலும் கிடைக்காவிட்டால்தான் பயிற்சி. பாத்திரம் கழுவும் வேலை கிடைத்துவிட்டால் நீங்கள் வெற்றி பெற்றவர், பயிற்சிக்குத் தகுதி இல்லை. எத்தனையோ பேர் அந்த இரண்டாம் படியிலேயே திரும்பிப்போனார்கள். இந்தப் படிவரிசையை 2014ஆம் ஆண்டுச் சட்டம்தான் எடுத்தது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் எழுத்தறிவும் கணக்கும் போதாதவர்களுக்கும் முன்னுரிமை என்றும் அது எழுதியது. ஒரு தப்பைத் திருத்தப் பதினாறு வருஷம். ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்புக்குப் போகும் காலம்.

இந்த வருஷங்களில் குவெஸ்டைத் தாங்கியது முக்கியமாக நகராட்சியின் பொது நிதி. பட்ஜெட் நேரம் வரும்போதெல்லாம் காப்ஸும் மெட்ரோ அலையன்ஸும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு நகர மன்றத்துக்குப் போயின. படித்து முடித்த செவிலியர்கள் எழுந்து நின்று பேசினார்கள். இதே மாதிரியில் ஆஸ்டினில் கேப்பிட்டல் ஐடியா, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் விடா, எல் பாசோவில் பிராஜெக்ட் அரிபா, அரிசோனாவின் டூசானில் ஜாப்பாத் என்று தொடங்கப்பட்டன.

உள்ளே வராதவர்கள்

குவெஸ்டின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு மேலே எழுதியதில் தெரிந்திருக்கும். ஆனாலும் அதன் வாசலிலும் இரண்டு தடை இருந்தன. முதலாவது, பள்ளி முடித்த சான்று அல்லது அதற்கு இணையான ஜி.இ.டி. தேர்வில் தேர்ச்சி வேண்டும். கல்லூரிப் படிப்பு என்பதால் அதைத் தவிர்ப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சார்சமோரா ஆலையில் ஜிப்பும் பாக்கெட்டும் தைத்த பெண்களில் எத்தனை பேர் அந்த விதியைத் தாண்டியிருப்பார்கள்? எந்த இழப்பைப் பார்த்து ஊர் கொதித்து எழுந்து இந்தத் திட்டத்தைக் கட்டியதோ, அந்த இழப்பைச் சுமந்தவர்களில் பலருக்கு இதில் இடம் இல்லை. அதோடு மூன்று வருஷமும் ஓடிவிட்டிருந்தது.

இரண்டாவது, மாதப் படி கிடையாது. புத்தகம், காப்பகம், பேருந்து எல்லாவற்றுக்கும் உதவிய குவெஸ்டால் வாடகையும் சாப்பாடும் கொடுக்க முடியவில்லை; கையில் இருந்த பணம் அதற்குப் பற்றாது. அதனால் விண்ணப்பிக்கும்போதே ஒரு கேள்வி வரும்: படிக்கிற காலத்தில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பீர்கள்? பதில் வைத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். அம்மா வீட்டில் இடம் இருந்தவர்கள், அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், அரசின் உணவு உதவியும் வீட்டு வாடகை உதவியும் ஏற்கெனவே கிடைத்தவர்கள். எதுவும் இல்லாதவர்கள் அந்தக் கேள்வியோடு எழுந்து போனார்கள். நல்ல பலன் கண்ட ஆய்வில் அவர்கள் இரண்டு பாதியிலும் இல்லை.

2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில், சான் அன்டோனியோ உணவு வங்கி டிரேடர்ஸ் வில்லேஜ் சந்தை மைதானத்தில் உணவு கொடுத்தபோது சுமார் 10,000 குடும்பங்கள் வந்தன. வானத்தில் இருந்து எடுத்த படத்தில் வரிசை வரிசையாகக் கார்கள். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. அதன் பிறகு நகராட்சி மத்திய நிவாரணப் பணத்தில் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. இந்த முறை, பயிற்சிக்கு வருகிறவருக்கு வாரம் 450 டாலர் வரை படி. குவெஸ்ட் 27 வருஷமாகக் கொடுக்க முடியாமல் இருந்தது அது.

அதே ஆண்டு நவம்பரில் விற்பனை வரியில் டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் ஒதுக்கி, நான்கைந்து வருஷத்தில் 15.4 கோடி டாலர் திரட்டிப் பெரிய அளவில் பயிற்சி நடத்தலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆதரித்தார்கள். 'ரெடி டு வொர்க்' என்ற பெயரில் 2022 மே மாதம் தொடங்கியது. குவெஸ்டும் அதில் ஒரு பங்காளி. 40,000 பேர் வரை என்ற பேச்சோடு தொடங்கிய திட்டம், வேலைக்குப் போனவர் எண்ணிக்கையில் அதற்கு வெகுதூரம் பின்னால்தான் நின்றது. இத்தனை ஆயிரம் பேருக்குக் குவெஸ்ட் போல வாரம் தவறாமல் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது லேசான வேலை இல்லை.

நிவாரணப் பணம் தீர்ந்ததும் வாரப் படியும் நின்றது. புதிய திட்டத்தில் கட்டணம் உண்டு, ஆலோசகர் உண்டு, அவசர உதவி உண்டு. படிக்கிற காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் மறுபடியும் விண்ணப்பிக்கிறவரே பதில் கொண்டுவர வேண்டியிருக்கிறது.